நிலவிலிருந்து பார்த்தால் இலங்கை எந்தப் பக்கம்

போன வாரம் எனக்கு விடை கொடுக்கக் கூட்டம் போட்டீர்கள். கேக் வெட்டி முடித்ததும் நம் மேனேஜர் பிரபு, "அக்கா, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார். நான் எழுந்து "ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "ரெண்டுனு கேட்டாரு, கரெக்டா ரெண்டே குடுத்தாங்கப்பா" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. கோபம் இல்லை. என் குரலை அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேட்டவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள்.

எனக்குப் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வரும். அதனால் செக்கிங் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் இதை எழுதுகிறேன். வேலை எப்படிச் செய்வது என்று எழுதப் போவதில்லை. அது ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். நான் செய்த ஒரு தப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தலை லேசாகச் சுற்றும், ஆகவே எங்காவது குழப்பமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். அதிலும் அறிவியல் பிரிவு இல்லை. தி.நகரில் பாத்திரக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் நம் கார்ட்டூன் ஸ்டூடியோ ஆரம்பித்த புதிதில் வண்ணம் தீட்டும் வேலைக்கு வந்தேன். பிறகு செக்கிங்குக்கு மாற்றினார்கள். கண் கூர்மையாக இருக்கிறது, வாய் குறைவாக இருக்கிறது, இவள்தான் இதற்குச் சரி என்று அப்போதைய பிரிவுத் தலைவர் சொன்னாராம். அவர் இப்போது இல்லை, பெயர் வேண்டாம். அவர் எனக்குச் சொன்ன விதிகள் இரண்டுதான். சந்தேகம் வந்தால், திருத்தி வரையச் சொல்லி ரீடேக் சீட்டு எழுது. சீட்டு எழுதும் முன் வரைந்தவரிடம் பேசாதே. பேசினால் பாவம் பார்ப்பாய், பாவம் பார்த்தால் தப்பு டிவியில் போய் நிற்கும் என்பார். இரண்டாவது விதி எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. யாரிடமும் பேசாமல் இருபது வருடத்துக்கு மேல் ஒரு வேலையில் இருக்கலாம் என்றால் எனக்கு வேறென்ன வேண்டும்?

புராணக் கதைகள் செய்துகொண்டிருந்த காலத்தில் சீட்டு எழுதுவது சுலபம். சாமிக்கு நான்கு கை என்றால் நான்கு. எந்தக் கையில் எது என்று மாடல் ஷீட்டில் வரைந்திருக்கும், எண்ணிப் பார்த்தால் போதும். மேல்துண்டு வலது தோளிலிருந்து திடீரென்று இடது தோளுக்குப் போயிருந்தால், படத்தை யாரோ ஃப்ளிப் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நம் தொழிலில் வேலையைக் குறைக்க, இடமிருந்து வலம் நடக்கிற ஆளை அப்படியே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, வலமிருந்து இடம் நடக்க வைப்பார்கள். பாதி ஃப்ளிப் தப்புகளை நான்தான் பிடித்திருக்கிறேன் என்று சொன்னால் பெருமை பேசுவதாகாது. என் வேலையே அதுதான்.

பிறகுதான் 'நிலாப்பேட்டை' வந்தது. நிலவின் தென்துருவத்தில் ஒரு ஊர், அதில் ஒரு பள்ளிக்கூடம், அதில் ஏழு பிள்ளைகள். அந்தத் தொடருக்கு சேனல்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். கதை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், அறிவியல் தப்பு மட்டும் இருக்கக் கூடாது. அதற்காக ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவரை ஆலோசகராக வைத்தார்கள். அவர் கதையைப் படித்துக் குறிப்பு எழுதி அனுப்புவார். அவரை நாங்கள் ஒருமுறைதான் நேரில் பார்த்தோம்.

அந்தக் குறிப்புகள் வர ஆரம்பித்ததும் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் புத்தி கலங்கிவிட்டது. நிலவில் காற்று இல்லை, ஆகவே கொடி படபடக்கக் கூடாது. சுத்தியல் அடித்தால் வெளியே சத்தம் கேட்கக் கூடாது. ஒலிப்பதிவு செய்கிற ஆறுமுகம் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. நிலாப்பேட்டையில் பொங்கல் வைக்கிற காட்சி ஒன்று இருந்தது. பானையைக் கிழக்குப் பார்த்து வைத்துவிட்டுப் பிள்ளைகள் சூரியன் எழுவதற்குக் காத்திருப்பார்கள் என்று எழுதியிருந்தது. பேராசிரியர் பக்கத்தில் எழுதியிருந்தார்: தென்துருவப் புள்ளியில் கிழக்கு கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்குதான். சூரியன் மேலே எழாது, அடிவானத்தைச் சுற்றிச் சுற்றி வரும். பிரபு அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "அப்போ பானைய எங்கப்பா வைக்கறது? வாடகைக்கு வேற இடம் பாருங்க" என்றார். கடைசியில், சூரியனோடு சேர்ந்து திரும்பட்டும் என்று பானையை ஒரு சுழலும் பலகையில் வைத்தோம். பலகை எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்று நான் சீட்டு எழுதுவதா வேண்டாமா என்றே எனக்குத் தெரியவில்லை. பலகையைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் தப்பு நடந்தது பூமியில்தான். அதாவது, நிலவிலிருந்து தெரிகிற பூமியில்.

ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே படத்தோடு தொடங்கும். பள்ளிக்கூடத்தின் கூரை, கறுப்பு வானம், அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே நீலமாகப் பூமி. மேகத்துக்கு நடுவே இந்தியா தெரிய வேண்டும் என்று சேனலில் கேட்டிருந்தார்கள். அதற்குப் பேராசிரியர் எழுதிய குறிப்பு: அங்கே நிற்பவருக்குப் பூமி தலைகீழாகத் தெரியும், தெற்கு மேலே இருக்கும். இவ்வளவுதான் குறிப்பு.

அந்தப் படத்தை வரைந்தவர் ரெஹானா. அப்போது பேக்ரவுண்ட் பிரிவில் தற்காலிகப் பணியில் இருந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ராயப்பேட்டையிலிருந்து வருவார். மதியம் சாப்பிடும்போது அவர் பேச ஆரம்பித்தால் மேசையே சிரிக்கும். நான் நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் பழக்கம் இல்லை.

அவர் வரைந்த பூமி ஒரு செவ்வாய்க்கிழமை என் திரைக்கு வந்தது. இந்தியா தலைகீழாக இருந்தது. சரி. கன்னியாகுமரி மேலே, காஷ்மீர் கீழே. சரி. இலங்கை மேலே, இடது பக்கமாக இருந்தது. அங்கே என் கண் நின்றது.

இலங்கை எப்போதும் வலது பக்கம்தானே? பள்ளிக்கூடத்தில் வரைபடத்தில் புள்ளி வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தலைகீழ் என்றால் மேலே இருப்பது கீழே வரும், கீழே இருப்பது மேலே போகும். அதற்காக வலது எப்படி இடது ஆகும்? நான் நம் எல்லோருக்கும் பழக்கமான அந்த விசையை அழுத்திப் படத்தை ஃப்ளிப் செய்து பார்த்தேன். இலங்கை வலது பக்கம் போய் உட்கார்ந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. யாரோ கையில் பட்டு ஃப்ளிப் ஆகியிருக்கிறது, வழக்கமான தப்புதான் என்று முடிவு செய்தேன்.

சீட்டு எழுதினேன். காட்சி எண், வரைந்தவர் பெயர், தப்பு: 'பூமி இடவலம் மாறியுள்ளது. இலங்கை வலப்பக்கம் வர வேண்டும்.' பெட்டியில் போட்டேன். மதியத்துக்குள் திருத்திய படம் வந்தது. ரெஹானா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பேசவில்லை. விதி அப்படி.

அன்று சாப்பாட்டு மேசையில் சிரிப்புச் சத்தம் இல்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு அதை நான் கவனித்தேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் டீ எடுக்கும் இடத்தில் பிரபு யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நம்ம ரெஹானா பொண்ணு கதை முடிஞ்சுதுக்கா" என்றார்.

நான் விழித்தேன்.

"டெம்பரரில இருக்கறவங்களுக்கு மூணு மாசத்துல மூணு சீட்டு வந்தா நீட்டிப்பு இல்ல. உங்களுக்குத் தெரியாதா? முன்ன ரெண்டு வாங்கி வச்சிருந்துது. நேத்து நீங்க குடுத்தது மூணாவது. பேர மேல அனுப்பிட்டாங்க."

"மூணா?" என்றேன்.

"நீங்க இன்னாக்கா பண்ணுவீங்க. உங்க வேல நீங்க பண்ணீங்க. நல்லாத்தான் வரையும். கொஞ்சம் அவசரக்குடுக்க."

அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. சீட்டு பெட்டிக்குள் விழுந்த பிறகு எங்கே போகிறது என்று நான் கேட்டதே இல்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் குற்ற உணர்ச்சி இல்லை. தப்பு தப்புதானே, நான் பார்க்காமல் விட்டிருந்தால் சேனல்காரர்கள் பார்த்திருப்பார்கள் என்று மயிலாப்பூர் வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் மழை. வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு என்று மூன்று நாளாகச் செய்தி. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மழை நாளில் எந்தக் கட்டடத்தில் எவன் மாட்டிக்கொள்வான் என்ற கவலை அவருக்கு. பேப்பரைத் தரையில் விரித்து, புயல் படத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இங்கதான் நின்னுக்கினு கீது. நாளைக்கி நம்மாண்ட வந்துரும்" என்றார்.

அவர் விரல் கடலில் இருந்தது. எனக்கு இடது பக்கத்தில் இருந்தது.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். பேப்பரை அவர் பக்கமிருந்து பார்த்தால் நேராக இருந்தது. என் பக்கமிருந்து தலைகீழ். கன்னியாகுமரி மேலே, காஷ்மீர் கீழே. இலங்கை மேலே, இடது பக்கம். ரெஹானா வரைந்தது போலவே.

"இன்னா அப்படி பாக்கறே? இங்க வரைக்கும் தண்ணி வராது" என்றார் அவர்.

எழுந்து அவர் பக்கம் போய் நின்று பார்த்தேன். இலங்கை வலது. திரும்ப என் இடத்துக்கு வந்தேன். இடது. மறுபடி அந்தப் பக்கம் போனேன். மூன்றாவது தடவை நடந்தபோது அவர் பேப்பரை மடிக்கப் பார்த்தார். "மடிக்காதீங்க" என்று சத்தம் போட்டுவிட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவரிடம் சத்தம் போட்டது அது இரண்டாவது முறை என்று நினைக்கிறேன். அவர் பேப்பரை விட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்து பார்க்கிறவளுக்குத் தலைகீழ் மட்டும் ஆவதில்லை, இடமும் வலமும் சேர்ந்தே மாறுகிறது. காகிதத்தைச் சுழற்றினால் அப்படித்தான். இது சின்னக் குழந்தைக்குத் தெரிகிற விஷயம். எனக்கு ஏன் தெரியவில்லை? ஒளிப்பலகையில் காகிதம் வைத்துச் சோதித்த காலமாக இருந்தால், நான் காகிதத்தைக் கையால் சுற்றிப் பார்த்திருப்பேன். திரையைச் சுற்ற முடியாது. கைக்குப் பக்கத்தில் ஃப்ளிப் விசைதான் இருந்தது. அது இடவலத்தை மட்டும் மாற்றும். வருடக்கணக்கில் நான் தேடிப் பிடித்த தப்பு ஒன்றே ஒன்று. இல்லாத இடத்திலும் அதையே பிடித்துவிட்டேன்.

இப்படி எழுதும்போது எல்லாம் தெளிவாக இருப்பது போலத் தெரிகிறது. அன்று காலை அப்படி இல்லை. பேப்பரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஆழ்வார்பேட்டை தாண்டுவதற்குள் மறுபடி சந்தேகம் வந்துவிட்டது. பேப்பர் தட்டையானது, பூமி உருண்டை. தரையில் கிடக்கிற பேப்பருக்குச் சரியாக இருப்பது வானத்தில் தொங்குகிற உருண்டைக்கும் சரியாக இருக்குமா? நிலவில் இருக்கிறவன் தலைகீழாக நிற்கிறானா, பூமி தலைகீழாக நிற்கிறதா? பஸ்ஸில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "கழுத்து புடிச்சிக்கிச்சா? எண்ணெய் தடவி சுடுதண்ணி ஊத்துங்க" என்றார்.

பேராசிரியருக்குப் போன் செய்தேன். அதுவே எனக்குப் பெரிய காரியம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மகள் வீட்டுக்கு வெளிநாடு போயிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

பதினோரு மணிக்கு ரிவ்யூ. சேனலிலிருந்து ஒரு மேடம் திரையில் வருவார். படம் ஓடும், அவர் சரி என்றால் அன்றைக்கே அனுப்பிவிடுவோம். ரிவ்யூவில் செக்கிங் ஆள் சுவரோரம் உட்கார வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. ரெஹானாவும் வந்திருந்தார். அடுத்த நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் படம் வந்தது. கூரை, கறுப்பு வானம், பூமி. இலங்கை வலது பக்கம்.

இப்போது சொல்லாவிட்டால் போய்விடும், ஒவ்வொரு அத்தியாயத்திலும் இதுதான் வரும். அதை விடப் பெரிதாக எனக்குத் தெரிந்தது பக்கத்து நாற்காலி. நான் சொல்வதும் தப்பாக இருந்துவிட்டால்? ஒரு தப்பான சீட்டு கொடுத்தவள், இப்போது தப்பாக அதைத் திரும்ப வாங்கினால்?

"இது தப்பு" என்றேன்.

யார் பேசியது என்று எல்லோரும் தேடினார்கள்.

பிரபு படத்தை நிறுத்தினார். "எதுக்கா?"

"பூமி."

"அதான் நீங்க சீட்டு குடுத்து மாத்தியாச்சேக்கா."

"நான் குடுத்த சீட்டு தப்பு."

"அப்போ இப்ப கீறது?"

"தப்பு."

"முன்னாடி இருந்தது?"

"சரி."

"தப்புன்னு சீட்டு குடுத்தீங்களே."

"அந்தச் சீட்டுதான் தப்பு."

திரையில் இருந்த மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஏங்க, யாராவது ஒருத்தர் முடிவா சொல்லுங்கோ. நேக்கு ஒண்ணுமே புரியலை. இலங்கை இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

நான் வாயால் விளக்கப் பார்த்தேன். நான்கு வாக்கியம் சொல்வதற்குள் எனக்கே குழம்பிவிட்டது. பையிலிருந்து பேப்பரை எடுத்து மேசையில் விரித்தேன். ஓரம் நனைந்திருந்தது. பிரபு எதிர்ப்பக்கம் இருந்தார். "உங்க கிட்டேருந்து பாருங்க, இலங்கை எங்க இருக்கு?" என்றேன்.

குனிந்து பார்த்தார். "எனக்கு லெஃப்ட்ல."

"எனக்கு ரைட்ல."

"அட" என்றார். பிறகு, "இருங்க, இருங்க" என்று என் பக்கம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். காலையில் நான் நடந்த அதே நடை.

எடிட்டர் குமாருக்கு நம்பிக்கை வரவில்லை. பேப்பரைத் தூக்கித் தலைகீழாக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "எனக்கு ரைட்ல தெரியுதே" என்றார். என் பக்கத்திலிருந்து ரெஹானா குரல் வந்தது.

"குமார் அண்ணா, நீங்க படத்தோட பின்னாடி நின்னு பாக்கறீங்க."

"அதனால?"

"பூமிக்கு உள்ள போயி நின்னாத்தான் அப்படித் தெரியும்."

"டேய், வெளிய வாடா, மூச்சு முட்டும்" என்றார் பிரபு. அறை முழுக்கச் சிரித்தது. திரையில் மேடமும் சிரித்தார். "அப்போ முதல்ல இருந்ததையே வைங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டார். அவருக்கு அது அரை நிமிட விஷயம்.

ரிவ்யூ முடிந்ததும் நான் பிரபுவின் மேசைக்குப் போனேன். அந்தச் சீட்டை ரத்து செய்ய வேண்டும் என்றேன்.

"சிஸ்டத்துல ரத்துன்னு ஒரு பட்டனே இல்லக்கா. குடுத்த சீட்டு குடுத்ததுதான்."

"அப்போ நான் இன்னொரு சீட்டு எழுதறேன்."

அங்கேயே எழுதினேன். அதே காட்சி எண். தப்பு: 'சரியாக இருந்த படத்தைத் தவறு என்று சோதனையாளர் திருத்தச் சொன்னார்.' தப்பு செய்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர். பிரபு அதை வாங்கிப் படித்துவிட்டு நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"இது மேல போச்சுன்னா உங்கள கூப்ட்டு கேப்பாங்க. பழைய சீட்டெல்லாம் எடுத்து வச்சிக்கினு இதெல்லாம் சரியா, அதெல்லாம் சரியான்னு ஆரம்பிப்பாங்க. வேணாம், நான் வாயால சொல்லிப் பாக்கறேன்."

"வாயால சொன்னா மறந்துடுவாங்க" என்றேன். சீட்டைப் பெட்டியில் நானே போட்டேன்.

மேலே கூப்பிட்டார்கள், கேட்டார்கள். பிரபு சொன்னபடியே பழைய சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்கள். நான் அதிகம் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துப் பேராசிரியரிடமிருந்து ஒரு வரி வந்தது: முதலில் வரைந்ததே சரி. அந்த இரண்டு நாளும் நான் உறுதியாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். வீட்டில் சாத்துக்குடியில் பேனாவால் இந்தியாவை வரைந்து ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அது சுற்றிக்கொண்டே இருந்தது, ஒன்றும் தெளியவில்லை. ரெஹானாவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் கணக்கில் பழைய இரண்டு சீட்டு மட்டும் நின்றது. நீட்டிப்பு பற்றி மாதக் கடைசியில் சொல்வதாக இருந்தது.

பெயரை எடுத்த அன்று சாயங்காலம் படியில் ரெஹானாவைப் பார்த்தேன். கேட்டே ஆக வேண்டும் என்று நின்றேன்.

"உனக்கு சரின்னு தெரியும் இல்ல? ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"எங்க அத்தா ரப்பர் ஸ்டாம்ப் செய்யறவருக்கா. சின்ன வயசுலேர்ந்து கண்ணாடி எழுத்து பாத்துக்கினே வளந்தவ நானு. தலகீழ் வேற, கண்ணாடி வேற. தூக்கத்துல கேட்டாகூட சொல்லுவேன்."

"அப்புறம் ஏன்?"

"நீங்க எழுதியிருந்தீங்களே. வசந்தாக்கா சீட்டு தப்பா இருக்காதுன்னு இங்க எல்லாரும் சொல்லுவாங்க. எனக்குத்தான் ஏதோ தெரியல போலன்னு நெனச்சேன். அத்தா கடைக்குப் போயி ஸ்டாம்ப எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்சதே எனக்கு மறந்துபோச்சு."

நான் மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். கேட்க நினைத்து வாய் வராமல் போனதோ என்னவோ. அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. "கோவம்லாம் இருக்குக்கா. உங்க மேல பாதி, என் மேல பாதி. அடுத்த தடவ சண்ட போடறேன், பாருங்க."

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

அந்த மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போது ரெஹானா வரைந்த இன்னொரு பூமி என் திரைக்கு வந்தது. பள்ளிக்கூடத்துத் தொலைநோக்கி வழியாகப் பிள்ளைகள் பார்க்கிற காட்சி. பூமியில் பாதி பகல், பாதி இருட்டு. அந்த இருட்டுப் பாதியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. நட்சத்திரங்கள். பூமிக்கு முன்னால் நட்சத்திரம் எப்படி வரும்? இருட்டாகத் தெரிந்தாலும் அங்கே பூமி இருக்கிறது, அது பின்னால் உள்ளதை மறைக்கும். எனக்கே தெரிந்த அறிவியல் இது. நட்சத்திர அடுக்கைத் தப்பான வரிசையில் வைத்துவிட்டார் என்று நினைத்தேன். நம் தொழிலில் அதுவும் வழக்கமான தப்புதான்.

சீட்டை எடுத்துக் காட்சி எண் எழுதினேன். பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

இது மூன்றாவது. எழுதினால் அவர் போக வேண்டும். எழுதாவிட்டால், பாவம் பார்த்து விட்டேன் என்று ஆகும். பிறகு என் சீட்டுக்கு என்ன மதிப்பு? எழுதுவதுதான் நியாயம் என்று தோன்றியது. எழுதினால் போன தடவை போல ஆகிவிடுமோ என்றும் தோன்றியது. இந்த முறை எதிரே உட்கார்ந்து பார்க்கப் பேப்பரும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

பேக்ரவுண்ட் பிரிவு எங்கள் அறையிலிருந்து இருபது அடி. அத்தனை வருடத்தில் ஒரு சீட்டுக்காக அந்த இருபது அடியை நான் நடந்ததில்லை. நான் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. ரெஹானா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார்.

"இருட்டுல நட்சத்திரம் வந்திருக்கு" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நட்சத்திரம் இல்லக்கா. லைட்டு."

"என்ன லைட்டு?"

"ஊரு லைட்டு. ராத்திரி பக்கம் இல்ல? டெலஸ்கோப்ல பாக்கறாங்க, தெரியும். புரொபசர் சார் கிட்ட மெயில் போட்டுக் கேட்டுட்டுத்தான் வச்சேன்." படத்தைப் பெரிதாக்கினார். "இன்னும் கிட்ட வாங்க. இது இன்னா ஊரு, சொல்லுங்க பாப்பம்."

எனக்குத் தெரியவில்லை. எல்லாம் தலைகீழாக இருந்தது. கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"லெஃப்ட்ல" என்று சொல்லி, ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்தார். "நம்ம மெட்ராஸ். நீங்களும் நானும் இதுக்குள்ளதான் நின்னுக்கினு கீறோம்."

நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். பிறகு என் கண் பழக்கப்படி வேலை செய்தது. அந்தப் புள்ளியை விட்டுத் தள்ளி, கடலுக்குள், தனியாக இன்னொரு புள்ளி இருந்தது.

"அது எந்த ஊரு?"

ரெஹானா குனிந்து பார்த்தார். "அதுவா... கப்பல்னு சொன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"பிரஷ் பட்டிருக்கு. கவனிக்கல" என்றார் மெதுவாக. கை திரைப்பேனா மேல் இருந்தது, அழிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் மூன்றாவது சீட்டு என்றால் என்ன என்று தெரியும்.

"அழிச்சிடு" என்றேன்.

அழித்தார். நான் என் இடத்துக்குத் திரும்பி, பாதி எழுதியிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டேன். மாதக் கடைசியில் அவருக்கு நீட்டிப்பு வந்தது. இப்போது அந்தப் பிரிவின் தலைவரே அவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

விதிப்படி அந்தப் புள்ளிக்குச் சீட்டு எழுதியிருக்க வேண்டும். நட்சத்திரம் என்று நான் நினைத்தவற்றுக்கு எழுதியிருந்தால் அது தப்பு. கடலில் இருந்த புள்ளிக்கு எழுதாமல் விட்டது சரியா, தப்பா? எங்கள் தலைவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் சொல்வதில் நியாயம் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. நானும் பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒரு பக்கம் நின்றால் ஒரு மாதிரியும் மறுபக்கம் நின்றால் வேறு மாதிரியும் தெரிகிறது. இதை நான் பிரபுவிடம் சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நீங்கள் சீட்டு எழுதுங்கள், அது உங்கள் வேலை. எழுதுவதற்கு முன்னால் எழுந்து அந்த இருபது அடி நடந்து போய்க் கேளுங்கள். கேட்ட பிறகு என்ன செய்வது என்பதை என்னால் சொல்லித்தர முடியவில்லை.